பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாதி வழியில் பெட்ரோல் வராமல் திணறினால்: படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டை வருவதற்குள் என் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஏழு முறை நின்றிருக்கிறது. முதலில் இழுவை குறையும். பிறகு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) பக்கம் இருமுவதுபோல் ஒரு சத்தம். கால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பின்வாங்கும்; கடைசியில் அடங்கிவிடும். பத்து நிமிடம் புளியமரத்தடியில் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். நான்கு மாதம், மூன்று பட்டறை. தீப்பொறி தரும் காயில், கண்டென்சர், பிளக், இரண்டு கார்புரேட்டருக்கும் புது உதிரிபாகக் கிட் என்று எல்லாம் மாற்றியாயிற்று. செலவு பதினெட்டாயிரத்தைத் தாண்டியது. குறையோ அங்கேயே இருந்தது.

கடைசியில் குறையைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட பொருட்களின் விலை ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. நீங்கள் அந்த நான்கு மாதத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். என் வண்டியில் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் பம்பும் எஸ்யு கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டரும் இருக்கின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். அவை ஒரே குடும்பத்து வண்டிகள். எம்ஜிபி என்ற இன்னோர் ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் போல மின்சாரப் பம்ப் உள்ள வண்டிகளுக்கு எங்கே மாறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரே ஒரு வரிசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நீங்களும் வர வேண்டும்: டேங்க் மூடி, டேங்க், குழாய், ஃபில்ட்டர், பம்ப், கடைசியில்தான் கார்புரேட்டர். பட்டறைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் படுவது கார்புரேட்டர் என்பதால் அதையே முதலில் அவிழ்க்கிறார்கள்.

1. தொடங்குவதற்கு முன்

திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், பத்தடி தள்ளி எரியும் அடுப்பிலோ பூஜை விளக்கிலோ பற்றிக்கொள்ளும். எங்கள் வீடு போன்ற நீளமான பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு இருக்கும். அதை அணைத்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். இரண்டு கிலோ உலர் பொடித் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

மற்றவை எளியவை: மில்லிலிட்டர் கோடு போட்ட கண்ணாடிப் பாட்டில், ஒரு மீட்டர் ஒளி ஊடுருவும் பெட்ரோல் டியூப், மூடியுள்ள சிறிய உலோகக் கேன், புது கிளாம்ப்கள், டார்ச், நோட்டுப் புத்தகம். எனக்கு இவை எல்லாம் சேர்ந்து அறுநூறு ரூபாய் ஆயின. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் கேட்டால் பங்கில் தர மாட்டார்கள்; உலோகக் கேன் கொண்டு போங்கள். டேங்கைக் காலி செய்யும்போதும் அளவை நினைவில் வையுங்கள்: உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் சேர்த்து வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது இந்த வேலையில் இறங்கினால் அந்தச் சிக்கலே வராது.

2. வண்டி நிற்கும் விதத்தை எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் நான் இழந்தது இரண்டு மாதம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான்கு விவரம் குறியுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம், என்ன வேகம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா மழையா.

டெல்டாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊர் தட்டையான ஊர். மலையேற்றம் இருக்கும் இடத்தில் பெட்ரோல் பற்றாக்குறை முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். இங்கே எஞ்சினுக்குப் பாரம் ஏறுவது ஆற்றுப் பாலத்து ஏற்றங்களிலும் நீண்ட நேரச் சீரான வேகத்திலும் மட்டும்தான். மகாமகக் குளத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மணிக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் லிட்டர் குடிக்கிறது. நிமிடத்துக்கு 110 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். அதே வண்டி 14 கிலோமீட்டர் தந்துகொண்டு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டர் போதும். ஆக, 80 மில்லிலிட்டர் மட்டுமே விடக்கூடிய ஓர் அடைப்பு ஊருக்குள் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் கார்புரேட்டரோடு ஒட்டிய சிறு கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் இருப்பு கரையும்வரை ஓடிவிட்டுப் பிறகு நிற்கும். என் வண்டியில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

3. நெருப்பா, பெட்ரோலா?

குறை நெருப்புப் பக்கமா (அதாவது பிளக்குக்குத் தீப்பொறி தரும் மின்சாரப் பக்கமா), பெட்ரோல் பக்கமா என்று பிரிக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். சூடானதும் மக்கர் செய்யும் கண்டென்சரும் காயிலும், பெட்ரோல் குறையைப் போலவே நடிக்கும், ஆறியதும் சரியாகிவிடும்.

பிரிக்கும் அடையாளங்கள் இவை. நெருப்புக் குறை என்றால் வண்டி விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று அடங்கும்; ஆர்பிஎம் மீட்டர் மின்சாரத்தில் இயங்குவதானால் அதன் முள் அந்தக் கணமே கீழே விழும், அல்லது பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளும். பெட்ரோல் குறை என்றால் மூச்சுவாங்கி, விட்டு விட்டு இழுத்து, மெதுவாகச் சாகும். சாகும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரமாவது உயிர் வந்தால் பெட்ரோல் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும்.

உறுதி செய்ய ஒரே வழி உண்டு. வண்டி திணறத் தொடங்கியதும் கிளச்சை மிதித்து, அப்போதே சாவியை அணைத்து, ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தின் (மிதவை உள்ள, பெட்ரோல் தங்கும் அந்தச் சிறு கிண்ணம்) மூடியில் மூன்று திருகாணிகள் இருக்கும். கீழே துணி வைத்துக்கொண்டு அவற்றைக் கழற்றி, ஹோஸோடு சேர்த்தே மூடியைத் தூக்குங்கள். சூடான புகைக்குழாய் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொட்டும் அதன்மேல் விழக் கூடாது. கிண்ணம் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் பெட்ரோலைக் குற்றம் சொல்லாதீர்கள், மின்சாரப் பக்கம் போங்கள். அடியில் மட்டும் ஈரமாக இருந்தால் இந்தக் கட்டுரையைத் தொடருங்கள்.

என் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி அளவுகூட இல்லை. அதுவரை நான் வாங்கிய காயிலும் கண்டென்சரும் பிளக்குகளும் வீண் என்பது, சாலையோரத்தில் அந்தக் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்த அந்த நிமிடத்தில் தெரிந்தது.

4. டேங்க் மூடி

காசு செலவில்லாத சோதனை; எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகும் அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க இழுக்க டேங்க் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் காற்று வரும் துளை மூடியிலேயே இருக்கும். சிலவற்றில் தனிக் குழாய் இருக்கும்.

வண்டி திணறும்போது நிறுத்தி, உடனே மூடியைத் திறங்கள். என் வண்டியில் "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு. காற்று உள்ளே பாயும் சத்தம் அது. மூடியைத் தளர்த்திவிட்டு அப்போதே ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் காத்திருக்காமலே வண்டி கிளம்பியது.

காரணம், நான்தான். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து, பூட்டுள்ள மூடி ஒன்றைத் திருச்சியில் வாங்கிப் போட்டிருந்தேன். அதில் காற்றுத் துளை கிடையாது. பூட்டு மூடி வாங்குபவர்கள் கடையிலேயே மூடியை வாயருகே வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வர வேண்டும். தனிக் குழாய் உள்ள வண்டி என்றால் அதன் முனையைப் பாருங்கள். நம் ஊரில் குளவிக்கு இப்படிப்பட்ட துளை கிடைத்தால் விடாது. ஒரு மாதம் கொட்டகையில் நின்ற வண்டியின் குழாயில் மண் பூசி அடைத்துவிடும். மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம்.

இங்கே ஏமாறுவதற்கு ஒரு கண்ணி இருக்கிறது. மூடியை மாற்றியதும் என் வண்டி இருபது நிமிடத்துக்குப் பதிலாக முக்கால் மணி நேரம் ஓடியது. குறை தீர்ந்தது என்று நினைத்து ஒரு கல்யாணத்துக்கு மன்னார்குடி கிளம்பினேன். நீடாமங்கலத்துக்கு முன்னால் நின்றது. பழைய வண்டியில் ஒரு குறை இன்னொரு குறையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்பதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. பாட்டிலில் பிடித்து அளப்பது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காயிலுக்கு வரும் மெல்லிய மின்கம்பியைக் கழற்றிக் காப்பிட்டு வையுங்கள். பொறி பறக்கக் கூடாது. நான்கு பிளக்குகளையும் கழற்றினால் செல்ஃப் இலகுவாகச் சுற்றும், பாட்டரியும் தாங்கும். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, நீட்டல் டியூப் சேர்த்து, பிளக் துளைகளிலிருந்து தள்ளியிருக்கும் பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பாட்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பதினைந்து பதினைந்து விநாடியாக இரண்டு முறை செல்ஃப் அடிக்கட்டும்.

பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அளவைவிட வரும் விதம்தான் அதிகம் சொல்லும். நல்ல பம்ப் பசு மடியில் பால் பீய்ச்சுவதுபோல் விட்டு விட்டுக் கனமாக அடிக்கும். என் வண்டியில் முதல் நான்கு அடி அப்படித்தான் வந்தது. பிறகு தாரை மெலிந்தது, இடையிடையே நுரைத்த குமிழிகள், கடைசியில் கசிவு. முப்பது விநாடிக்கு 40 மில்லிலிட்டர். எல்லாம் சரிசெய்த பிறகு அதே பம்ப், அதே பாட்டரி, 150 மில்லிலிட்டர் தந்தது.

முதலில் பலமாக வந்து பிறகு மெலிந்தால் அடைப்பு பம்புக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே மெலிவு என்றால் பம்பைச் சந்தேகப்படலாம். குமிழி வந்தால் எங்கேயோ 'ஏர் இழுக்கிறது'. தாரை நன்றாக வந்தும் வண்டி நிற்கிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு மூடும் ஊசி வால்வுக்கு, அதாவது ஒன்பதாவது படிக்குப் போங்கள்.

எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. செல்ஃப் அடிக்கவே வேண்டாம். சாவியைப் போட்டாலே பம்ப் டிக் டிக் என்று பேசும். தாரை தொய்வில்லாமல் வர வேண்டும். ஹோஸை மாட்டியபின், கிண்ணம் நிரம்பியும் டிக் சத்தம் ஓயாமல் வேகமாக அடித்தால் காற்று இழுக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்பின் பாயின்ட் கரிந்திருக்கும், அல்லது எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும்.

6. பாதையை இரண்டாக வெட்டுங்கள்

பம்பின் உறிஞ்சும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, அதற்குப் பதிலாகக் கேனில் உள்ள நல்ல பெட்ரோலை நேராக உறிஞ்ச விடுங்கள். கேனை எஞ்சினுக்கு வெளியே, தரையில், சாயாமல் வையுங்கள். வண்டியை நிறுத்திவைத்தே இதைச் செய்ய வேண்டும். கேனை உள்ளே வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. மறுபடி பாட்டிலில் அளந்து பாருங்கள். அளவு கூடினால் பம்ப் நிரபராதி. குற்றவாளி டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். கூடாவிட்டால் எட்டாவது படிக்குப் போங்கள்.

7. டேங்கிலிருந்து பம்ப் வரை

என் வண்டியின் உண்மையான நோய் இங்கேதான் இருந்தது. டேங்கின் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் கறுப்பாக, மொழுமொழுவென்று, புதுசுபோல். அதைப் பிளேடால் நீளவாட்டில் கிழித்து வெயிலில் விரித்தேன். உள் சுவர் ஊறி, உப்பி, தோல்போல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாயால் ஊதினால் காற்று போகும். உறிஞ்சினால் அந்தத் தோல் மடிந்து துளையை மூடிக்கொள்ளும். மூன்று பட்டறையிலும் குழாயைக் காற்றடித்துப் பார்த்துவிட்டு "லைன் கிளியர்" என்றார்கள். ஊதிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயை உறிஞ்சித்தான் சோதிக்க வேண்டும். வாயால் வேண்டாம், கை வேக்குவம் பம்போ பெரிய ஊசிக்குழலோ போதும்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அறுபதுகளில் செய்த ரப்பருக்கு அது எமன். எனவே சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் ஹோஸையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக் குறியீட்டை உடம்பிலேயே அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். அச்சில்லாத ஹோஸை "அதே தரம்தான் சார்" என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். நான் முதலில் வாங்கியது அப்படித்தான், ஆறு வாரத்தில் பிசுபிசுத்தது. உலோகக் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கால் அங்குலக் குழாய்க்கு 6 மில்லிமீட்டர் ஹோஸ், பதினாறில் ஐந்து (5/16) அங்குலக் குழாய்க்கு 8 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் ஹோஸும் எட்டு கிளாம்பும் எனக்கு எழுநூற்றுச் சொச்சம் ஆயின.

உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் பெட்ரோல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடினால் கிடைக்காது. பம்புக்கு முன்னால் அந்த ஒளி ஊடுருவும் டியூபைத் தற்காலிகமாகச் சேர்த்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் ஒவ்வோர் இணைப்பாகக் கிளாம்பை இறுக்கிக்கொண்டே வாருங்கள்; எந்த இடத்தில் இறுக்கியதும் குமிழி நிற்கிறதோ அதுதான் இடம். சோதனை முடிந்ததும் டியூபை எடுத்துவிடுங்கள். வெயிலும் எத்தனாலும் பட்டால் அது கல்லாகி விரிசல் விடும்.

அடுத்து டேங்க். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாதி டேங்கோடு நின்ற வண்டி என்றால் உள்ளே தண்ணீர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு ஈரத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டியதுதான். செந்தூள்போல் கசடு படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. ஓடும்போது துரு உறிஞ்சும் வாயை மூடும். நின்றதும் கீழே உதிரும். வண்டி பத்து நிமிடத்தில் பிழைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேங்கை இறக்கிச் சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி சிறு ஜல்லியும் போட்டுக் குலுக்கினால் பெரும்பாலான துரு வந்துவிடும். மூன்று நான்கு முறை அலசி, முழுக்கக் காயவிட ஒரு நாள் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஓட்டை இருந்தால் எக்காரணம் கொண்டும் வெல்டிங் பட்டறைக்கு நேராக எடுத்துப் போக வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் வெடிக்கும். உள்ளே இருப்பது ஆவி. கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு ஈயப்பற்று வைப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்களிடம் கொடுப்பதானாலும், பலமுறை அலசி, வாசனை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே கொடுங்கள், அதில் முன்பு பெட்ரோல் இருந்தது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஃபில்ட்டர் ஒன்று போதும், பம்புக்கு முன்னால். அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையைக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்காக என்று இரண்டு, மூன்று ஃபில்ட்டர் வரிசையாகப் போட்டிருந்த ஒரு வண்டியைப் பார்த்தேன். அந்த ஃபில்ட்டர்களே அதன் குறை.

8. பம்ப்

முதலில் எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், அல்லது எண்ணெய் அளவு கூடியிருந்தால், பம்புக்குள் அசைந்து பெட்ரோலை உறிஞ்சும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்து பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்குகிறது. எண்ணெயை மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும்.

கையால் அடிக்கும் சிறு நெம்புகோல் பம்பின் பக்கவாட்டில் இருக்கும். அழுத்தினால் எதிர்ப்புத் தெரிய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் நின்ற இடத்தில் எஞ்சினோடு சுற்றிப் பம்பைத் தள்ளும் கேம் ஏற்கெனவே அதை அழுத்திப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கி எறிந்தவர்களை அறிவேன்.

கண்ணாடிக் கிண்ணம் உள்ள பம்ப் என்றால் அதைக் கழற்றிக் கழுவி, கார்க் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். அந்த வளையம் காய்ந்தாலும் காற்று இழுக்கும். டயாஃப்ரம் மாற்றுவதற்கு முன் இரண்டு பாதியின் மேலும் அரத்தால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். நெம்புகோலை முழுக்க அழுத்திப் பிடித்தபடி திருகாணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். பம்ப் கிடைக்கவில்லை என்று இன்றைய இன்ஜெக்ஷன் காரின் மின்சாரப் பம்பைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எஸ்யு கார்புரேட்டரின் ஊசி வால்வுக்கு இரண்டு, இரண்டரை பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் பம்ப் தருவது நாற்பதுக்கு மேல். பெட்ரோல் கிண்ணத்தைத் தாண்டிப் பொங்கிச் சூடான புகைக்குழாயின்மேல் கொட்டும்.

9. கார்புரேட்டர்

இதுவரை வந்தபின்தான் இதைத் தொடலாம். கிண்ணத்து மூடியைத் திறந்து ஊசி வால்வு தடையின்றி ஏறி இறங்குகிறதா, இருக்கையில் துரு ஒட்டியிருக்கிறதா, ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்புகிறதா என்று பாருங்கள். ஃப்ளோட் உயரத்தை உங்கள் வண்டியின் பணிமனைக் கையேட்டில் உள்ளபடி மட்டும் வையுங்கள். மிக்சர் திருகைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். நன்றாக இருந்த டியூனிங்கைக் கெடுத்துக்கொண்டு இரண்டு குறையோடு நிற்பீர்கள்.

10. சித்திரை வெயில்

அக்னி நட்சத்திரத்தில் மட்டும், அதுவும் சூடான வண்டியை நிறுத்திக் கால் மணி கழித்து எடுக்கும்போது மட்டும் திணறினால், பம்பிலோ ஹோஸிலோ பெட்ரோல் ஆவியாகிறது. பம்பின்மேல் ஈரத் துணி போட்டதும் சரியானால் அதுவே சான்று. ஹோஸைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டி, நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். மற்ற எல்லாச் சோதனையும் முடிந்தபிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். கண்டுபிடிக்க முடியாத எல்லாவற்றுக்கும் வெயில்மேல் பழி போடுவது பட்டறைகளின் வழக்கம். என் வண்டி மார்கழிக் குளிரிலும் நின்றது.

11. பாகம் வரவழைப்பது: தாள்கள், செலவு, நாள்

ஹோஸ், கிளாம்ப், ஃபில்ட்டர் உள்ளூரிலேயே கிடைக்கும். பம்ப் கிட், ஊசி வால்வு, சரியான மூடி ஆகியவற்றை நான் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் நகல், விலைப்பட்டியல், பணம் செலுத்தியதற்கான சான்று கேட்கும். விலைப்பட்டியலில் என்ன பொருள், எந்த வண்டிக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு என்று தெளிவாக எழுதித் தரும்படி விற்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெறுமனே 'பாகங்கள்' என்று எழுதியிருந்ததால் என் முதல் பொட்டலம் சுங்கத்தில் பதினோரு நாள் கிடந்தது. சுங்க வரியும் கூரியர் கையாளும் கட்டணமும் சேர்ந்து பொருளின் விலையில் பாதியைத் தாண்டின. ஆகவே ஒன்றிரண்டாக வரவழைக்காமல் ஒரே பொட்டலமாக வாங்குங்கள். மொத்தம் மூன்று வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கான நேரம்: இரண்டு முதல் ஆறு வரையான படிகளுக்கு ஒரு ஞாயிறு போதும். ஹோஸ் மாற்ற அரை நாள். டேங்க் இறக்குவதானால் இரண்டு நாள்.

12. சாலையில் ஓட்டிப் பார்ப்பது

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாலையோரம் நிற்கும் விநோத வண்டியைப் போலீஸார் பார்க்காமல் போக மாட்டார்கள். டிஜிலாக்கரில் இருந்தால் போதும். உங்கள் வண்டி 50 ஆண்டைக் கடந்து, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் பதிவில் இருந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு எடுத்துப் போகலாம். பராமரிப்புக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று காட்டப் பாகங்கள் வாங்கிய ரசீதை வண்டியில் வையுங்கள். புதிதாக அந்தப் பதிவுக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து ஆண்டு செல்லும்.

தனியாகப் போகாதீர்கள், பின்னால் ஒரு பைக்காவது வரட்டும். முதலில் சுவாமிமலை வரை போய்த் திரும்பி, எல்லா இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். பிறகு தஞ்சாவூர் சாலையில் முக்கால் மணி நேரம், ஒரே சீரான வேகத்தில். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். சூடான புகைக்குழாய் உள்ள தாழ்வான வண்டியை வைக்கோல்மேல் ஓட்டவோ நிறுத்தவோ வேண்டாம்; தை மாதத்தில் இந்தச் சோதனைக்கு வேறு வழி பாருங்கள். கடைசியாக, டேங்கில் கால் பங்கு மட்டும் வைத்துக்கொண்டு அதே தூரத்தை மறுபடி ஓட்டுங்கள். நிறைந்த டேங்கில் தெரியாத குறை அப்போது வெளியே வரும்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் டேங்கை வாய்வரை நிரப்பி நிறுத்துங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். மாதம் ஒருமுறை எடுத்து அரை மணி ஓட்டுங்கள். எடுக்கும் முன் மூடியின் துளையிலும் காற்றுக் குழாயிலும் கம்பியைவிட்டுப் பாருங்கள். போன கார்த்திகையில் என் வண்டியின் குழாயில் அரை அங்குலத்துக்குக் களிமண் வந்தது.